2,352 டாலர் 36 சென்ட்: வராத பெற்றோரின் கணக்கு



செமஸ்டர் முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. இந்த முறை சட்ட வரலாறு. பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு பில்லில் ஆரம்பித்த விஷயம் இது. பில் என்று வந்துவிட்டால் நமக்குத்தானே முதல் உரிமை! கொஞ்சம் நீளமான கட்டுரை, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த பில்.

சாட்சி விசாரணைப் பதிவு, 950 பக்கம், பக்கத்துக்கு 2 டாலர்: 1,900 டாலர்
வழக்கின் மற்ற ஆவணங்கள், 219 பக்கம், பக்கத்துக்கு 2 டாலர்: 438 டாலர்
கோப்பு அட்டைகள்: 4 டாலர் 36 சென்ட்
தபால் செலவு: 10 டாலர்

மொத்தம் 2,352 டாலர் 36 சென்ட். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில், 1990-களின் நடுவில், ஒரு பெண்ணிடம் கேட்கப்பட்ட தொகை இது. அவருக்கு இரண்டு குழந்தைகள், ஒரு மகன், ஒரு மகள். 1994 டிசம்பரில் ஒரு நீதிமன்றம் அவரை அந்தக் குழந்தைகளுக்குச் சட்டப்படி யாரோ ஒருத்தி ஆக்கியது. முன்னாள் கணவரின் புது மனைவிதான் இனி அம்மா. பிறப்புச் சான்றிதழிலும் அந்தப் பெயரையே போடச் சொல்லி உத்தரவு. அப்பீல் போகலாம், தடையில்லை. ஆனால் மேலே சொன்ன பில்லை முதலில் கட்ட வேண்டும். அவரிடம் அவ்வளவு பணம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி. பெற்ற தாய் அல்லது தகப்பனின் உரிமையை ஒரு கோர்ட் எப்படி அடியோடு முடித்துவைக்கிறது? அதற்கு என்ன விதி, அந்த விதி எப்படி வந்தது? தேடிப் போனால் 150 வருடக் கதை வந்து நின்றது.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் நடுநிலையாக இதற்குள் நுழையவில்லை. என் பள்ளித் தோழன் ஒருவனை வளர்த்தது அவன் அம்மாவின் இரண்டாவது கணவர். காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர், ஃபீஸ் கட்டியவர் அவர். ஆனால் ஹால் டிக்கெட்டில் இருந்த இனிஷியல், அவன் மூன்று வயதில் விட்டுப்போன ஆளுடையது. "வளர்த்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போங்களேன், இதில் என்ன யோசனை?" என்ற மனநிலையில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

ஏன் ஒருவரை நீக்கித்தான் ஆகவேண்டும்?

பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் தத்தெடுப்பு என்ற ஏற்பாடே கிடையாது. இங்கிலாந்தில் முதல் தத்தெடுப்புச் சட்டம் வந்தது 1926-ல்தான். அமெரிக்கா இதில் முந்திக்கொண்டது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1851-ல் கொண்டுவந்த சட்டத்தைத்தான் நவீன தத்தெடுப்பின் தொடக்கமாக வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. தத்தெடுப்பவர் குழந்தையை வளர்க்கத் தகுதியானவரா என்று நீதிபதி பார்க்க வேண்டும், பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், குழந்தைக்கு 14 வயது ஆகியிருந்தால் குழந்தையும் சம்மதிக்க வேண்டும். 1851-லேயே குழந்தையைக் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்தச் சட்டத்துக்குள் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு குழந்தைக்குப் பெற்றோர் நாற்காலி இரண்டுதான். புதிதாக ஒருவர் உட்கார வேண்டுமென்றால் பழையவர் எழுந்திருக்க வேண்டும். தாயின் புதுக் கணவர் தத்தெடுக்கும்போது தாயின் நாற்காலி அப்படியே இருக்கும், பெற்ற தகப்பனின் நாற்காலிதான் காலியாக வேண்டும்.

காலியாவது என்றால் சாதாரணமாக இல்லை. குழந்தையைப் பார்க்கும் உரிமை போகும். எந்தப் பள்ளி, எந்த வைத்தியம் என்பதில் பேசும் உரிமை போகும். வாரிசுத் தொடர்பு அறும். இனிமேல் பராமரிப்புத் தொகை தரவேண்டிய கடமையும் போகும். விவாகரத்தில்கூட அப்பா அப்பாவாகத்தான் இருக்கிறார், வாரம் ஒரு நாளாவது பார்க்கலாம். இதில் அதுவும் கிடையாது. அவரும் குழந்தையும் சட்டத்தின் கண்ணில் அந்நியர்கள்.

அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பிரச்சினை இல்லை. சம்மதிக்க மறுத்தால்? அல்லது ஆளே கண்ணில் படவில்லை என்றால்? அதற்காக மாநிலங்கள் ஒவ்வொன்றாக விதிவிலக்குகளைச் சேர்த்தன. குழந்தையைக் கைவிட்டவர், இத்தனை காலம் பணம் அனுப்பாதவர், இத்தனை காலம் எட்டிப் பார்க்காதவர், இவர்களின் சம்மதம் தேவையில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் கைவிட்டார் என்று யார் சொல்வது? அதை யாரைக் கேட்டு முடிவு செய்வது?

டெக்சாஸ்: தாத்தாவுக்கு வந்த கடிதம்

ஆம்ஸ்ட்ராங் எதிர் மான்சோ. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1965-ல் தீர்ப்பான வழக்கு.

டெக்சாஸில் ஒரு தம்பதி 1959-ல் விவாகரத்து பெறுகிறார்கள். மகள் தாயிடம். தகப்பன் வந்து பார்க்கலாம், மாதம் 50 டாலர் தர வேண்டும். தாய் மறுமணம் செய்துகொள்கிறார். பிறகு அவரும் புதுக் கணவரும் எல் பாசோ நகரில், அவர் அந்தப் பெண்ணைத் தத்தெடுக்க மனுப் போடுகிறார்கள். அப்போதைய டெக்சாஸ் சட்டப்படி, தகப்பன் இரண்டு வருடம் தன் வசதிக்கேற்ற அளவு பணம் தராமல் இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டாம், சிறார் நீதிமன்ற நீதிபதியின் சம்மதமே போதும். "அவர் பணம் தரவில்லை" என்று தாய் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கிறார். நீதிபதி சம்மதம் தருகிறார். தத்தெடுப்பு முடிந்தது.

தகப்பன் எங்கே இருந்தார்? அதே டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் நகரில்! அவர் இருக்கும் இடம் மனுப் போட்டவர்களுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் ஒரு நோட்டீஸ் அனுப்பவில்லை. தத்தெடுத்த புது அப்பா, குழந்தையின் தாத்தாவுக்கு, அதாவது பெற்ற தகப்பனுடைய அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோர்ட் வேலை முடிந்தது, குழந்தை இனி என் மகள், பெயரையும் மாற்றியாயிற்று என்ற தகவல். தாத்தா சொல்லித்தான் தகப்பனுக்கே தெரிந்தது, தான் இனி தகப்பன் இல்லை என்று.

அவர் ஓடிப்போய் உத்தரவை ரத்து செய்யக் கேட்டார். கோர்ட் விசாரணை வைத்தது, அவர் தரப்பைக் கேட்டது, பிறகு மறுத்தது. "அதான் கேட்டார்களே, அப்புறம் என்ன?" என்று தோன்றும். இங்கேதான் நுணுக்கம். முதலிலேயே நோட்டீஸ் வந்திருந்தால், "இவர் பணம் தரவில்லை" என்று நிரூபிக்க வேண்டிய சுமை எதிர்த்தரப்புக்கு. முடிந்தபிறகு வந்ததால், "நான் தந்தேன்" என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. நீதிபதி ஸ்டூவர்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்: ஒருவர் பேச்சைக் கேட்பது என்றால், கேட்டுப் பயன் இருக்கிற நேரத்தில் கேட்க வேண்டும். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிடக் கூப்பிடுவது அழைப்பு ஆகாது. (பந்தி உதாரணம் என்னுடையது, நீதிபதியுடையது இல்லை!)

இந்தத் தீர்ப்பு எதைத் தூணாகப் பிடித்துக்கொண்டது தெரியுமா? ஒரு பேங்க் வழக்கை. நம்ம ஏரியா!

நியூயார்க்கில் சென்ட்ரல் ஹானோவர் பேங்க் 1946-ல் 113 சின்னச் சின்ன அறக்கட்டளைகளின் பணத்தை ஒரே நிதியாகத் திரட்டியது. மொத்தம் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். பிறகு கணக்கை முடித்து நீதிமன்ற ஒப்புதல் வாங்கப் போனது. பயனாளிகளுக்கு எப்படித் தெரிவித்தார்கள்? செய்தித்தாளில் ஒரு விளம்பரம். 1950-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: முகவரி தெரிந்தவர்களுக்குப் பேப்பர் விளம்பரம் போதாது, தபால் அனுப்ப வேண்டும். முல்லேன் வழக்கு என்று பெயர். நிதியில் பங்கு வைத்திருப்பவருக்குச் சொன்ன அந்த விதியைத்தான் 15 வருடம் கழித்து ஒரு தகப்பனுக்கும் பொருத்தினார்கள்.

நம் கம்பெனிச் சட்டத்தில் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு என்று மனப்பாடம் செய்கிறோமே, ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் அந்த நோட்டீஸ் போயாக வேண்டும். அதையெல்லாம் வெறும் இரண்டு மார்க் கேள்வியாக நினைத்திருந்தேன். அந்தத் தகப்பனின் கதைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கல்யாணம் ஆகாத தகப்பன்கள்

ஆம்ஸ்ட்ராங் கல்யாணம் செய்து விவாகரத்து ஆனவர். கல்யாணமே ஆகாமல் குழந்தை பெற்றவர்களுக்கு? பல மாநிலங்களில் அந்த ஆண்கள் கணக்கிலேயே இல்லை. தாய் கையெழுத்துப் போட்டால் போதும்.

இது 1972-ல் உடைந்தது. இல்லினாய் மாநிலத்தில் ஸ்டான்லி என்பவர் ஒரு பெண்ணோடு விட்டுவிட்டு 18 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர், மூன்று குழந்தைகள். அந்தப் பெண் இறந்ததும் குழந்தைகளை அரசு எடுத்துக்கொண்டது. தாலி கட்டாத தகப்பன் என்றாலே தகுதியற்றவர் என்பது அங்கே சட்டத்தின் முன்முடிவு. ஆளைப் பார்க்காமல், விசாரிக்காமல் அப்படி முடிவு கட்டக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். இது மாற்றாந்தந்தை வழக்கு இல்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்ட வழக்கு. இதற்குப் பிறகு மூன்று மாற்றாந்தந்தை வழக்குகள் வரிசையாக வந்தன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ருசி.

முதலாவது, ஜார்ஜியா மாநிலம், குவில்லாயின் எதிர் வால்காட், 1978. குழந்தை பிறந்தது 1964-ல். தாயும் தகப்பனும் கல்யாணம் செய்யவில்லை, ஒரே வீட்டில் குடித்தனமும் இல்லை. 1967-ல் தாய் வேறொருவரை மணக்கிறார். பையன் அந்த வீட்டிலேயே வளர்கிறான். 1976-ல் மாற்றாந்தந்தை தத்தெடுக்க மனுப் போடும்போது பையனுக்கு வயது 11. பெற்ற தகப்பன் இடையிடையே வந்து பார்த்திருக்கிறார், பரிசு கொடுத்திருக்கிறார், எப்போதாவது பணம். ஆனால் சட்டப்படி "இவன் என் மகன்" என்று பதிவு செய்யும் வேலையை, 11 வருடம் தூங்கிவிட்டு, தத்தெடுப்பு மனு வந்த பிறகுதான் செய்யப் போகிறார். இந்தத் தடவை அவருக்கு நோட்டீஸ் போனது, கோர்ட் அவர் பேச்சைக் கேட்டது. கேட்டுவிட்டு, குழந்தையின் நலனுக்குத் தத்தெடுப்பே நல்லது என்றது. உச்ச நீதிமன்றத்தில் எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். அன்றாடம் குழந்தையை வளர்க்கும் பொறுப்பை ஒருநாளும் சுமக்காதவருக்கு, தடுக்கும் அதிகாரம் கிடையாது என்பது அவர்கள் வாதம்.

இதில் என்னை நிறுத்திய ஒரு விவரம் உண்டு. பையனிடமும் கேட்டார்கள். தத்தெடுக்கப்பட வேண்டும், வளர்ப்பவரின் பெயர் தனக்கு வேண்டும் என்றான். அதோடு, பெற்ற தகப்பனையும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னான். பெரியவர்களின் கணக்கில் நாற்காலி இரண்டு. பதினோரு வயதுப் பையனுக்கு அந்தக் கணக்கே புரியவில்லை. அல்லது அவனுக்குத்தான் சரியாகப் புரிந்திருந்தது.

இரண்டாவது, நியூயார்க், காபன் எதிர் முகமது, 1979. இங்கே தகப்பன் ஐந்து வருடம் தாயோடும் இரண்டு குழந்தைகளோடும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். பிரிந்த பிறகும் குழந்தைகளை விடாமல் பார்த்தவர், ஒரு கட்டத்தில் தன் பொறுப்பிலேயே எடுத்து வைத்துக்கொண்டவர். ஆனால் நியூயார்க் சட்டப்படி கல்யாணம் ஆகாத தாயின் சம்மதம் அவசியம், கல்யாணம் ஆகாத தகப்பனின் சம்மதம் அவசியமில்லை. தாயின் புதுக் கணவருக்குத் தத்தெடுப்பு உத்தரவு கிடைத்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. தாயைப் போலவே குழந்தையோடு வாழ்ந்து காட்டிய தகப்பனை, ஆண் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்க முடியாது.

இது வரைக்கும் கணக்கு நேராக இருக்கிறது. வளர்த்தால் உரிமை, வளர்க்காவிட்டால் இல்லை. நானும் அப்பாடா என்று இருந்தேன். மூன்றாவது வழக்கு வந்து அதைக் கெடுத்தது.

ஒரு தபால் அட்டை

லேர் எதிர் ராபர்ட்சன், 1983. இதுவும் நியூயார்க்தான். குழந்தை பிறந்தது 1976 நவம்பரில். எட்டு மாதத்தில் தாய் வேறொருவரை மணக்கிறார். குழந்தைக்கு இரண்டு வயது கடந்ததும், 1978 டிசம்பரில் தத்தெடுப்பு மனு. பெற்ற தகப்பனுக்கு நோட்டீஸ் இல்லை.

ஏன் இல்லை? நியூயார்க்கில் அப்போது ஒரு பதிவேடு இருந்தது. "எனக்கு இப்படி ஒரு குழந்தை இருக்கலாம், ஏதாவது நடந்தால் தெரிவியுங்கள்" என்று ஆண்கள் தங்கள் பெயரைப் பதிந்து வைக்கலாம். ஒரு தபால் அட்டை அனுப்பினால் போதும். அதில் பெயர் இருந்தாலும் நோட்டீஸ் வரும், பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தாலும் வரும், தாயோடும் குழந்தையோடும் வெளிப்படையாகச் சேர்ந்து வாழ்ந்தாலும் வரும். இவர் எந்த வகையிலும் வரவில்லை. பதிவேட்டில் பெயர் இல்லை. எனவே நோட்டீஸ் இல்லை, முடிந்தது கதை. உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று இதை ஏற்றுக்கொண்டது. நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதியதன் கருத்து, பெற்ற உறவு ஒருவருக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு பொறுப்பை ஏற்றால்தான் அது உரிமையாகும் என்பது.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஒயிட், தகப்பன் தரப்பு சொல்லும் கதையை எடுத்து வைக்கிறார். பிரசவத்தின்போது தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாராம். அதன்பிறகு தாய் குழந்தையோடு இருக்கும் இடத்தையே மறைத்தாராம். இவர் தேடுவார், கண்டுபிடிப்பார், மறுபடி காணாமல் போவார்கள். கடைசியில் துப்பறியும் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துக் கண்டுபிடித்தபோது, குழந்தையின் பக்கம் வந்தால் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்றாராம் தாய். இது உண்மையா பொய்யா? தெரியாது. ஏனென்றால் எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவே இல்லை!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தத்தெடுப்பு மனு நிலுவையில் இருக்கும்போதே, தானே தகப்பன் என்று அறிவிக்கக் கோரி அவர் வேறொரு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். தத்தெடுப்பை விசாரித்த நீதிபதிக்கு இது தெரியும். ஆள் யார், எங்கே இருக்கிறார், என்ன கேட்கிறார் எல்லாமே தெரிந்தும், பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் நோட்டீஸ் இல்லாமல் 1979 மார்ச்சில் கையெழுத்தானது.

இந்தத் தீர்ப்பின் விளைவு பெரிது. இன்று அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிப் பதிவேடு இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாத இளைஞர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதே சமயம் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அடித்து உதைத்தவனிடமிருந்து தப்பி ஓடி, முகவரியை மறைத்து வாழும் தாய்மார்களும் உண்டு. "தகப்பனைத் தேடிப் பிடித்துச் சொல்லியே ஆகவேண்டும்" என்பது அவர்களுக்கு ஆபத்து. பதிவேடு போன்ற ஏற்பாடு அவர்களுக்குக் கவசம். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விதி இதில் கிடையாது. அதனால்தான் விசாரணை வேண்டும் என்கிறேன்.

எவ்வளவு ஆதாரம் போதும்?

இதற்கிடையில் 1982-ல் சான்டோஸ்கி வழக்கு. இதுவும் மாற்றாந்தந்தை வழக்கு இல்லை, அரசே பெற்றோரின் உரிமையை நீக்கிய வழக்கு. அதுவரை நியூயார்க்கில் சாதாரணப் பணத் தகராறுக்குத் தேவையான அளவு ஆதாரமே இதற்கும் போதுமாக இருந்தது. அதாவது தராசு கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். கடன் பாக்கி வழக்குக்கு அது சரி, தவறாகப் போனால் பணம்தானே. ஒருவரைப் பெற்றோர் இல்லை என்று ஆக்குவதற்கு அது போதாது, தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும் என்று 5-க்கு 4 கணக்கில் தீர்ப்பானது.

ஆக 1982-க்குள் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், நேரத்தில் கேட்க வேண்டும், கனமான ஆதாரம் வேண்டும் என்று மூன்று படிகள் வந்துவிட்டன. லேர் வழக்கு முதல் படியில் ஒரு ஓட்டை போட்டது, அவ்வளவுதான். பாக்கி ஒரு படி இருந்தது. கீழ்க் கோர்ட் தப்பாகச் சொல்லிவிட்டால், மேலே போக காசு இல்லாதவர் என்ன செய்வார்?

மறுபடி அந்த பில்

இப்போது மிசிசிப்பிக்குத் திரும்புவோம். வழக்கில் எல்லோரும் முதலெழுத்துகள்தான். தாய் எம்.எல்.பி., தகப்பன் எஸ்.எல்.ஜே.

ஏறக்குறைய எட்டு வருட மண வாழ்க்கைக்குப் பின் 1992 ஜூனில் விவாகரத்து. குழந்தைகள் தகப்பனிடம் இருக்கட்டும் என்று இருவரும் பேசி முடிவு. அதே வருடம் செப்டம்பரில் தகப்பன் மறுமணம். 1993 நவம்பரில் மனு: தாயின் உரிமையை நீக்கிவிட்டு என் மனைவி தத்தெடுக்க அனுமதி கொடுங்கள். காரணம், தாய் ஒழுங்காக வந்து பார்ப்பதில்லை, பராமரிப்புத் தொகை பாக்கி. தாயின் பதில், என்னை ஒழுங்காகப் பார்க்க விடவில்லை!

ஒரே வெற்றிடம், இரண்டு விளக்கம். "அவள் வரவில்லை." "என்னை வரவிடவில்லை." எது உண்மை என்று தெரிய அந்த 950 பக்கச் சாட்சியத்தைப் படித்தாக வேண்டும். கீழ் நீதிமன்றம் தாய்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எந்தச் சாட்சியை வைத்து அந்த முடிவுக்கு வந்தது என்று விளக்கவில்லை, சட்டத்தின் வாசகத்தைத் திருப்பிச் சொன்னதோடு சரி. தாய் 100 டாலர் கட்டி அப்பீல் போட்டார். அப்போது வந்ததுதான் அந்த 2,352 டாலர் 36 சென்ட். ஏழை, விலக்குக் கொடுங்கள் என்று கேட்டார். மிசிசிப்பி உச்ச நீதிமன்றம், சிவில் அப்பீலுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று கைவிரித்தது.

குற்றவியல் வழக்குகளில் நிலைமை வேறு. பணமில்லாத குற்றவாளிக்கும் அப்பீலுக்கான பதிவு கிடைக்க வேண்டும் என்று 1956-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1971-ல், சிறைத் தண்டனையே இல்லாத, வெறும் 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட ஒருவருக்கும் அதே சலுகை என்றது. ஆக பொது இடத்தில் கலாட்டா செய்து அபராதம் வாங்கியவர் காசில்லாமல் அப்பீல் போகலாம். இரண்டு குழந்தைகளை இழந்த தாய் போக முடியாது.

1996 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். இது பணத்தைப் பற்றிய சாதாரண சிவில் வழக்கு இல்லை, ஒரு குடும்ப உறவையே அழிக்கும் உத்தரவு, இதை எதிர்க்கும் வழியைப் பணத்தைக் காட்டி அடைக்கக் கூடாது என்பதே அடிப்படை. எதிர்த்த நீதிபதிகள், இதை விட்டால் எல்லா சிவில் வழக்குக்கும் இலவசம் கேட்பார்களே என்று பயந்தார்கள். பெரும்பான்மை, இந்த வகை வழக்கு தனி ரகம் என்று கோடு கிழித்து நிறுத்திக்கொண்டது.

கவனியுங்கள், அந்தத் தீர்ப்பு அவருக்குக் குழந்தைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்தான் சரி என்றும் சொல்லவில்லை. அந்த 950 பக்கத்தை மேல் கோர்ட்டில் யாராவது படிக்கட்டும் என்றது, அவ்வளவே. ஆனால் அந்த "அவ்வளவே"தான் எல்லாம் என்று எனக்குப் படுகிறது.

எனக்கு என்ன புரிந்தது

நான் ஆரம்பித்தபோது "காணாமல் போன பெற்றோர்" என்றால் ஒரே ரகம் என்று நினைத்தேன். என் தோழனின் அப்பா மாதிரி, கதவைச் சாத்திவிட்டுப் போனவர். இந்த வழக்குகளைப் படித்த பிறகு மூன்று ரகம் தெரிகிறது. வராதவர், வரவிடப்படாதவர், வர முடியாதவர். குழந்தையின் பார்வையில் மூன்று பேரும் ஒன்றுதான், மூன்று பேருமே பிறந்தநாளுக்கு வரவில்லை. வீட்டிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கோர்ட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து விசாரித்தால்தான் தெரியும்.

அதனால் நோட்டீஸ், ஆதாரம், அப்பீல் என்கிற இந்த வறண்ட சமாச்சாரங்கள் ஓடிப்போன ஆளுக்குக் காட்டும் தயவு என்று இப்போது நான் நினைக்கவில்லை. உண்மையில் அவை வளர்க்கும் அப்பாவுக்கும் நல்லது. முறையாகக் கேட்டு, முறையாக முடித்த தத்தெடுப்பை நாளைக்கு யாரும் வந்து அசைக்க முடியாது. தாத்தாவுக்குக் கடிதம் எழுதிய அந்த மனிதர், முன்னாலேயே தகப்பனுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால், வழக்கு வாஷிங்டன் வரை போயிருக்காது.

அந்த இரண்டு நாற்காலிக் கணக்கும் இப்போது கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. கலிஃபோர்னியா 2013-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2014 ஜனவரியிலிருந்து நடைமுறை. இரண்டு பேரை மட்டும் ஏற்றுக்கொண்டால் குழந்தைக்குக் கேடு என்று கோர்ட் கருதினால், இரண்டுக்கு மேற்பட்டவர்களையும் பெற்றோராக ஏற்கலாம். ஜார்ஜியாவின் அந்தப் பதினோரு வயதுப் பையன் 1976-ல் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். வளர்ப்பவரின் பெயரும் வேண்டும், பெற்றவரையும் பார்க்க வேண்டும். சட்டம் அந்த இடத்துக்கு வர இன்னும் 37 வருடம் ஆனது.

கட்டுரையை முடித்துவிட்டு அந்தப் பள்ளித் தோழனுக்கு ஃபோன் செய்து எல்லாக் கதையையும் சொன்னேன். "உன் விஷயத்தில் அந்த ஆளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் வந்திருப்பாரா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "வந்திருக்க மாட்டார்டா. ஆனா கேட்டுட்டோம்னு தெரிஞ்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

நான் ஆயிரம் வரியில் சொன்னதை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

உங்கள் கருத்தைப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். லேர் வழக்கில் நீங்கள் நீதிபதியாக இருந்தால் எந்தப் பக்கம்? எனக்கு இன்னும் தூக்கம் வராத கேள்வி அது.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, வக்கீலுக்குப் படிக்கவும் இல்லை. சட்ட ஆலோசனை தேவைப்படுகிறவர்கள் தயவுசெய்து நல்ல வக்கீலைப் பாருங்கள். பில் கூட்டிக் கொடுக்க வேண்டுமென்றால் மட்டும் என்னிடம் வரலாம் :-)